சேர்ந்த தேதி

இயக்கத்தின் வட்டப் பொறுப்பாளர் ஒரு கடைக்குள் நுழைந்துவிட்டால் அந்தத் தெருவில் யாரும் வேலையை நிறுத்துவதில்லை. கையை வேலையில் விட்டுவிட்டுக் காதை மட்டும் அவர் பின்னால் அனுப்பிவைப்பார்கள். அன்று காலை பத்தரை மணிக்கு அவர் தையல்காரியின் கடைப் படியில் கால் வைத்ததும், எதிரே இருந்த சலவைக்கடைக்காரர் ஒரே சட்டையை மூன்று தடவை தேய்த்தார். மருந்துக்கடைப் பெண் இருமல் மருந்து கேட்டவருக்கு வாய் திறக்காமல் ஏதோ ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

விஷயம் சின்னதில்லை. தெருவில் கல்யாணமா, சாவா, மாமியார் மருமகள் மல்லுக்கட்டா, எல்லாவற்றுக்கும் முதல் ஆளாக வந்து நிற்கிறவர் பொறுப்பாளர். அவர் படியேறாத இடம் ஒன்றே ஒன்றுதான், இந்தத் தையல்கடை. இருபத்துமூன்று வருஷமாக அதைக் கடக்கும்போது எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிக்கொள்வார். ஏன் என்று தெருவுக்குத் தெரியும். யார் வீட்டில் யார் யாரோடு பேசவில்லை என்பதை மணிக்கு ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளும் தெரு, அந்த ஒன்றை மட்டும் வாயில் போட்டுக்கொள்வதில்லை.

“அக்கா, நல்லா இருக்கீங்களா?”

தையல்காரி மிஷினிலிருந்து காலை எடுக்கவில்லை. பள்ளிக்கூடச் சீருடைக்குக் காலர் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டி முடித்து, நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

“நீங்க வெச்சிருக்கிற மாதிரி இருக்கோம்.”

பொறுப்பாளர் சிரித்தார். இப்போதெல்லாம் எதற்கும் சிரிக்கிறார். ஐம்பதை நெருங்குகிற வயது, சர்க்கரை வியாதி, டாக்டர் வாங்கச் சொன்ன மெத்துமெத்தென்ற வெள்ளை ஷூ. கேட்காமலே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“பாப்பா வேலைக்குப் போயிருச்சா?”

“அவளுக்கு இருபத்துமூணு வயசு. ஆஸ்பத்திரி லேப்ல ரத்தம் எடுக்கிறா. உங்களுக்கா தெரியாது?”

“தெரியும்க்கா. போன மாசம் எனக்கே எடுத்துச்சு. குத்துனதே தெரியல. நல்ல கை.”

அந்த வார்த்தை தையல்காரிக்கு எங்கேயோ போய்க் குத்தியது. மகள் இதைச் சொல்லவேயில்லை. சொல்ல அவளுக்குக் காரணமும் இல்லை. ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு இருநூறு பேர் கையை நீட்டுகிறார்கள்.

பொறுப்பாளர் பையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்து, வெட்டி வைத்திருந்த துணிமேல் கசங்காமல் வைத்தார். விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். லேபில் இரண்டு நிரந்தர இடம் வந்திருக்கிறது. இரண்டுமே தியாகி குடும்பங்களுக்கு. மாதக் கடைசிக்குள் சான்றிதழ் கொடுத்துவிட்டால் ஒன்று பாப்பாவுக்கு. கொடுக்காவிட்டால் அவளுக்கும் வேலை இல்லை, மூன்று வருஷமாக ஒப்பந்தத்தில் இருக்கிற எல்லாரையும் அனுப்பிவிட்டு வேறு ஏஜென்சியைக் கொண்டுவரப் போகிறார்கள்.

“சான்றிதழ் யாரு குடுப்பா?”

“நாங்கதான்.” கொஞ்சம் நெளிந்தார். “மண்டபம் கட்டியிருக்கோம்ல, அதுல ஒரு சுவரு தியாகிங்களுக்கு. வட்டத்துக்குப் பன்னெண்டு பேருன்னு தலைமை கணக்குப் போட்டு மாடம் வெச்சுக் கட்டிருச்சு. நம்ம வட்டத்துல பதினொண்ணுதான் தேறுது. ஒண்ணு காலியா இருந்தா வர்றவன் போறவனெல்லாம் கேப்பான்.”

“ஒண்ணுதானே குறையுது? நீங்க மனசு வெச்சா ஒரு காலை நேரம் போதுமே.”

எதிர்க்கடையில் இஸ்திரிப்பெட்டி ‘டொக்’ என்று கீழே வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. பொறுப்பாளர் அதற்கும் சிரித்தார்.

“அந்தக் காலமெல்லாம் போச்சுக்கா. அண்ணன் பேரைக் குடுங்க. அவரும் போராடித்தானே போனாரு. யோசிச்சு சொல்லுங்க. புதன்கிழமை வர்றேன்.”

அண்ணன் என்றால் தையல்காரியின் புருஷன். கடைசல் பட்டறையில் வேலை பார்த்தவர். தெருவுக்கு அவர் ‘லேத்து’.

அந்த நாளில் ஊரில் ஐந்து இயக்கங்கள் இருந்தன. ஐந்தும் ஒரே ராணுவத்தோடு சண்டை போட்டன. மீதி நேரத்தில் ஒன்றோடு ஒன்று போட்டன. அவற்றில் பெரியது லேத்து இருந்த இயக்கம். தெரு அவர்களைப் புத்தகக்காரர்கள் என்றது. படித்தவர்கள், பல் விளக்குவதற்குக்கூட விளக்கம் வைத்திருந்தவர்கள். துப்பாக்கி அவர்களிடம்தான் அதிகம், ஆளும் அதிகம். ராணுவம் முதலில் பயந்ததும் அவர்களைப் பார்த்துத்தான். ஒரு வீட்டுக்குள் வந்தால் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் உலக நிலவரம் சொல்வார்கள். வீட்டுக்காரி தண்ணீர் வரவில்லை என்று சொன்னால், அது ஏன் வரவில்லை என்பதற்கு இன்னொரு மணி நேரம்.

பொறுப்பாளரின் இயக்கத்துக்குப் பேச வராது. மொத்தம் பதினான்கு பேர். தெருக்குழாயில் தினமும் நடக்கிற குடுமிப்பிடிச் சண்டையைப் பார்த்தார்கள். மறுநாளே ஒருவனைக் குழாயடியில் நிறுத்திவிட்டார்கள். இருபத்தைந்து வயதுப் பயல், கையில் ஒரு நோட்டு. வீட்டுக்கு மூன்று குடம், கர்ப்பிணிக்கும் கிழங்களுக்கும் முன்னுரிமை. ஒரு வாரத்தில் சண்டை நின்றது. பிறகு செத்த வீட்டுக்குப் பாடை தூக்க வந்தார்கள், பிறகு வாடகைத் தகராறு, பிறகு ஓடிப்போன புருஷனைப் பிடித்துவந்து வாசலில் விடுவது. குழாய்க்காரர்கள் என்று பெயர் வந்துவிட்டது. சிரித்துக்கொண்டுதான் தெரு அந்தப் பெயரை வைத்தது. சிரித்து முடிப்பதற்குள் எதற்கெடுத்தாலும் அவர்களைக் கேட்காமல் நகர முடியாது என்றாகிவிட்டது.

அதன் பிறகு அவர்கள் மற்ற நான்கு இயக்கங்களையும் முடித்தார்கள். மூன்று மாதம் பிடித்தது. அதில் ஒரு காலை பதினொரு மணிக்கு மூன்று பேர் கடைசல் பட்டறைக்கு வந்தார்கள். இரண்டு பேர் வண்டியிலேயே இருந்தார்கள். ஒருவன் மட்டும் உள்ளே போனான்.

தையல்காரி அப்போது ஐந்து மாதம். குழாயடியில் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். வழக்கமாக நோட்டோடு நிற்கிற பயலை அன்று காணோம். வரிசை கலைந்து ஆளாளுக்குக் குடத்தை நுழைக்கத் தொடங்கியிருந்தார்கள். அரை மணி கழித்து அவன் வந்தான். குழாயில் கையைக் கழுவினான், முழங்கைவரை. பிறகு அவளைப் பார்த்து, “அக்கா மாசமா இருக்காங்க, முன்னாடி விடுங்க” என்றான். அவள் அவனுக்கு நன்றி சொல்லிவிட்டு மூன்று குடம் பிடித்துக்கொண்டு போனாள். மூன்றாவது குடத்தை இறக்கும்போதுதான் பட்டறை முதலாளி ஓடிவந்தார். லேத்தைச் சுட உள்ளே வந்தது யார் என்று, அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து முதலாளி காதோடு காதாகச் சொன்னார்.

அந்தப் பயல்தான் இன்றைக்குச் சர்க்கரை வியாதிக்காரர்.

மகளுக்கு இது தெரியாது. அப்பா சண்டையில் போனார் என்று சொல்லி வளர்த்திருந்தாள். யார் சண்டை, யார் பக்கம் என்று கேட்காத பிள்ளையாக அவளும் வளர்ந்துவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வருவதற்குள் மகளுக்குச் செய்தி போய்விட்டது. மருந்துக்கடைப் பெண் எதற்கு இருக்கிறாள்.

“எப்பம்மா கையெழுத்துப் போடப் போற?”

“கைய கழுவிட்டு வா முதல்ல.”

“கழுவியாச்சு. ஒரு நாளைக்கு நாப்பது தடவை கழுவுறேன். நீ பேச்ச மாத்தாத.”

“உங்கப்பா அவங்க ஆளு இல்லடி.”

“யாரு ஆளா இருந்தா என்ன? செத்தது செத்ததுதானே? இருபத்துமூணு வருஷமா அப்பான்னு ஒண்ணும் பண்ணல அவரு. இதையாவது பண்ணிட்டுப் போகட்டும்.”

சொன்ன பிறகு அவளுக்கே உறைத்தது. “இல்லம்மா...” என்று இழுத்தாள். தையல்காரி ஊசியில் நூல் கோர்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள். மகள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் எரிந்தது.

“நேர்வழி ஒண்ணு இருக்கு. ரெண்டு நாள் பொறு” என்றாள்.

நேர்வழி உண்மையிலேயே இருந்தது. அரசாங்கத்தோடு சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட ஐந்து இயக்கங்களில் எது சான்றிதழ் கொடுத்தாலும் அரசாங்கத்துக்குச் செல்லும். ஐந்தில் மூன்று காற்றோடு போய்விட்டது. ஒன்று ஊரையே வைத்திருக்கிறது. மீதி ஒன்று, பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறது.

அந்த ஜெராக்ஸ் கடைக்காரர்தான் புத்தகக்காரர்களின் செயலாளர். யாராவது ‘ஜெராக்ஸ் அண்ணே’ என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார். ‘செயலாளர்’ என்றால் மெஷின் ஓடும்போதும் திரும்புவார். மெலிந்த மனிதர், கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. இயக்கத்தின் ரப்பர் முத்திரை அவர் சட்டைப்பையில்தான் குடியிருக்கிறது. குளிக்கப் போனால் ஜன்னல்மேடையில் எடுத்து வைத்துவிட்டுப் போவார் என்று அவர் மனைவி ஊரெல்லாம் சொல்லியிருந்தாள்.

தையல்காரி விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

“அந்தக் கொலைகாரப் பசங்க நம்ம தோழரைத் தூக்கிட்டுப் போகப் பாக்கிறாங்களா? விடுவோமா? நம்மகிட்ட எல்லாத்துக்கும் ரெக்கார்டு இருக்கு, தோழர்.”

அவளை யாரும் தோழர் என்று கூப்பிட்டுப் பல வருஷம் ஆயிற்று. மனசு கொஞ்சம் இளகிவிட்டது. அவர் பீரோவிலிருந்து பாலிதீன் சுற்றிய தீர்மானப் புத்தகங்களை இறக்கினார். ஒன்றைப் பிரித்தார். விரலால் தடவிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் படித்தார்.

“என்ன செயலாளர்?”

“ஒரு சிக்கல் இருக்கு, தோழர்.”

புத்தகத்தை அவள் பக்கம் திருப்பினார். அழகான கையெழுத்து.

‘எதிர் அமைப்பின் செல்வாக்கை மக்களிடையே வளர்க்கும் வகையில் தெருக்குழாய் மோட்டாருக்கு உதிரிப்பாகம் செய்துகொடுத்த தோழர், இன்று முதல் உறுப்பினர் பொறுப்பிலிருந்து நீக்கப்படுகிறார். இத்தீர்மானம் ரகசியமாகக் காக்கப்படும்.’

கீழே தேதி. லேத்து செத்ததற்குப் பதினொரு நாள் முன்னால்.

அவளுக்கு அந்த உதிரிப்பாகம் தெரியும். மோட்டாரில் புஷ் என்ற பித்தளை வளையம் தேய்ந்து, பத்து நாள் தண்ணீர் இல்லை. வயிற்றைத் தள்ளிக்கொண்டு அவள் மூன்று தெரு தாண்டிப் போய்த் தூக்கிவந்தாள். குழாய்க்காரப் பசங்கள் பட்டறை பட்டறையாகக் கேட்டுப் பார்த்தார்கள். லேத்து சாப்பாட்டு நேரத்தில் ஒரு பித்தளைத் துண்டைக் கடைந்து, துணியில் சுற்றி மோட்டார் ரூமில் வைத்துவிட்டு வந்தார். ‘உனக்காகத்தான்டி, அவனுங்களுக்கா செஞ்சேன்?’ என்றார். அன்று சாயங்காலம் தண்ணீர் வந்தது.

“அவர்கிட்ட சொன்னீங்களா, நீக்கிட்டோம்னு?”

“அவரையும் உக்கார வெச்சுத்தான் தீர்மானம் போட்டோம்.”

அவளிடம் லேத்து மூச்சு விடவில்லை. அந்தப் பதினொரு நாளும் கூட்டம் கீட்டம் என்று எங்கும் போகாமல் ஆறு மணிக்கெல்லாம் வீட்டில் இருந்தார். வெங்காயம் உரித்துக் கொடுத்தார். வயிற்றில் இருக்கிற பிள்ளைமேல் பாசம் பொங்கிவிட்டது என்று அவள் இத்தனை வருஷமும் நம்பியிருந்தாள்.

“சுட்டவங்களுக்குத் தெரியுமா, அவர் உங்க ஆளு இல்லைன்னு?”

“எப்படித் தெரியும்?” செயலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நம்ம கட்டுப்பாடு அப்படி, தோழர். குழு எடுத்த முடிவு ஒரு வார்த்தை வெளியே போகாது. எவ்வளவு அடிச்சாலும் போகாது.”

“யாரும் அடிக்கலையே. சும்மாவே சொல்லியிருக்கலாமே.”

அவருக்குப் புரியவில்லை. புரிந்திருந்தால் அந்த இயக்கத்துக்கு அவர் செயலாளராக இருந்திருக்க மாட்டார்.

லேத்து செத்த அன்று காலை செயலாளர் எங்கே இருந்தார் என்பதும் அவளுக்குத் தெரியும். ஊர்க் குழுவில் மொத்தம் மூன்று பேர். செயலாளர், இன்னொருவர், லேத்து. இயக்கத்தை இரண்டாக உடைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வெளியூரில் மாநாடு. இரண்டு பேரும் அதற்குப் போய்விட்டார்கள். நீக்கப்பட்டவருக்கு மாநாட்டில் என்ன வேலை? லேத்து பட்டறையில் இருந்தார்.

“நீக்கினதை ரத்து பண்ணுங்க” என்றாள்.

“பண்ணலாம். ஆனா அவன் வரணும்.”

அவன் என்றால் அந்த இன்னொருவர். கடைத்தெருவில் கடிகாரம் பழுது பார்க்கிறவர். மாநாட்டில் முதல் தீர்மானத்திலேயே இருவரும் பிரிந்தார்கள். போராட்டம் ‘தற்காலிகமாகப் பின்வாங்கியிருக்கிறது’ என்று எழுத வேண்டும் என்றார் செயலாளர். ‘பின்னடைவைச் சந்தித்திருக்கிறது’ என்றார் கடிகாரக்காரர். அவர்கள் ஊர் திரும்பியபோது பின்வாங்கவோ பின்னடையவோ இயக்கத்தில் ஆளே மிச்சமில்லை. ஆனாலும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

தையல்காரி விடவில்லை. கடிகாரக்காரரிடம் போய் மன்றாடினாள், செயலாளரை மிரட்டினாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு பேரையும் தன் கடைக்குள் உட்கார வைத்து ஷட்டரைப் பாதி இறக்கினாள். ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். சலவைக்கடைக்காரர் விடுமுறை நாளில் கடையைத் திறந்து வைத்திருந்தார், காற்றோட்டத்துக்காக.

“தோழரின் மனைவி கேட்டுக்கொண்டதற்காக வந்தேன்னு அவர்கிட்ட சொல்லுங்க” என்றார் கடிகாரக்காரர்.

“காது கேக்குதுன்னு அவர்கிட்ட சொல்லுங்க” என்றார் செயலாளர்.

“ரெண்டு பேரும் என்கிட்ட சொல்ல வேண்டாம். ஒரு வரி எழுதி முத்திரை குத்துங்க. போதும்.”

ஒரு மணி நேரத்தில், அதிசயமாக, இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். மோட்டார் புஷ் செய்தது தவறு, ஆனால் மன்னிக்கக்கூடிய தவறு. தையல்காரி மிஷின் டிராயரிலிருந்து சில்லறையை எடுத்தாள். டீ வாங்கிவர எழுந்தாள். அப்போதுதான் கடிகாரக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

“கோரம் இருக்கா? குறைஞ்சபட்ச ஆள் கணக்கு?”

செயலாளர் முத்திரையைப் பையிலிருந்து எடுத்த கையோடு நின்றுவிட்டார். “ஆமா. மூணு பேரு வேணும்.”

“நாம ரெண்டு பேருதான் இருக்கோம்.”

“மூணாவது இடம் காலி.”

“அது யாரு இடம்?” என்று கேட்டாள் தையல்காரி.

இரண்டு பேரும் இருபத்துமூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“தோழரோட இடம்தான்” என்றார் செயலாளர்.

“அப்போ, அவரைச் சேத்துக்கிட்டாத்தான் குழு கூடும். குழு கூடினாத்தான் அவரைச் சேத்துக்க முடியும். அப்படித்தானே?”

“விதி அப்படி இருக்கு” என்றார் கடிகாரக்காரர், உண்மையிலேயே வருத்தமாக. “விதியை மாத்தணும்னா மாநாடு கூட்டணும்.”

“மாநாட்டுக்கு எத்தனை பேரு?”

“நூத்தி இருபது.”

தையல்காரி ஷட்டரை முழுசாக ஏற்றினாள்.

“எந்திரிங்க. உயிரோட இருந்தவரை நீங்க வெளிய தள்ளுனீங்க. செத்தவரை அவங்க உள்ள கூப்பிடுறாங்க. இதுல யாரு கடை ஓடும், யாரு கடை மூடும்? உலக நிலவரமெல்லாம் தெரிஞ்ச உங்களுக்கு இது மட்டும் தெரியல. போங்க.”

போனார்கள். வாசலில் யார் முதலில் இறங்குவது என்று கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்கள்.

புதன்கிழமை பொறுப்பாளர் வந்தபோது விண்ணப்பம் அதே இடத்தில், அதே துணிமேல் இருந்தது. அவர் பேனாவை நீட்டினார்.

“நீங்களே எழுதுங்க. எனக்குக் கை நடுங்குது” என்றாள். நடுங்கவில்லை.

பெயர், தகப்பன் பெயர், தொழில் எழுதினார். முத்துமுத்தான எழுத்து. நோட்டில் குடம் எண்ணிய காலத்திலிருந்தே அவருக்கு நல்ல எழுத்து.

“சேர்ந்த தேதி...” என்று தயங்கினார். “ஏதாவது ஒண்ணு போட்டுக்கலாம்க்கா. யாரு பாக்கப் போறா.”

“அவரை அவங்க நீக்கிட்டாங்க. தெரியுமா உங்களுக்கு?”

பேனா நின்றது.

“பதினொரு நாள் முன்னாடியே நீக்கிட்டாங்க. உங்க குழாய் மோட்டாருக்கு ஒருநாள் பித்தளைப் புஷ் வந்துச்சே, யார் வெச்சிட்டுப் போனதுன்னு தெரியாம. அதைச் செஞ்சதுக்காக நீக்கினாங்க.”

பொறுப்பாளர் பேனாவின் மூடியைப் போட்டார், மறுபடி கழற்றினார். வெள்ளை ஷூ தரையில் ஒருமுறை உரசியது. எதிர்க்கடையில் இஸ்திரிப்பெட்டிக்கு அடியில் துணி கருகுகிற வாசனை வந்தது, சலவைக்கடைக்காரரும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

“எங்களுக்கு யாரும் சொல்லலையேக்கா” என்றார் பொறுப்பாளர்.

அவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. வாடகைத் தகராறில் ஒரு தகவல் பிந்தி வந்தால் எப்படிச் சொல்வாரோ அப்படிச் சொன்னார். பிறகு மெல்லக் கேட்டார்:

“அந்தப் புஷ் வந்தது என்னைக்குன்னு ஞாபகம் இருக்கா?”

“தண்ணி வந்த நாளு மறக்குமா?” தேதியைச் சொன்னாள்.

“அப்போ அதையே போட்டுடறேன்.”

‘சேர்ந்த தேதி’ என்ற இடத்தில் அதை எழுதினார். எழுதிவிட்டு ஒரு கணம் பார்த்தார், தைத்து முடித்த சட்டையைத் தையல்காரர்கள் பார்ப்பதுபோல. பொய்யாகத் தொடங்கிய காகிதம் கிட்டத்தட்ட உண்மையாகிவிட்டது. அவள் அயர்ந்துபோனாள். புத்தகக்காரர்கள் பீரோ நிறையப் புத்தகம் வைத்திருந்தும் ஒரு ஆளைச் சேர்க்கத் தெரியவில்லை. இந்த ஆள் ஒரு பித்தளைத் துண்டை வைத்து அரை நிமிஷத்தில் சேர்த்துவிட்டார்.

இறந்த விதம் என்ற இடத்தில் ‘எதிரியின் துப்பாக்கிச் சூட்டில்’ என்று எழுதினார்.

“இது சரியா இருக்கு” என்றாள்.

அவர் நிமிரவில்லை. அவள் கையெழுத்துப் போட்டாள்.

“போட்டோ ஒண்ணு வேணும்க்கா.”

“இல்ல. போட்டோ எடுக்கக்கூடாதுன்னு அவங்க சட்டம். கல்யாணப் போட்டோவைக்கூட எரிக்கச் சொல்லிட்டாங்க.”

“பரவால்ல. ஓவியர் இருக்காரு. நீங்க வந்து அடையாளம் சொன்னா வரைஞ்சிருவாரு.”

தையல்காரி வாயைத் திறந்தாள். நீண்ட முகம் என்றாள். மூக்கு... சாதாரண மூக்கு. மீசை உண்டு. புருவத்தில் ஒரு வெட்டு, கடைசல் மெஷினில் இரும்புச் சில்லு தெறித்துப் பட்டது. வலது புருவம். இல்லை, இடதா? அவள் தன் முகத்திலேயே கையை வைத்துப் பார்த்தாள். பக்கத்தில் படுத்து எழுந்து பார்த்த முகம். கையை வலப்பக்கம் வைத்தாள், இடப்பக்கம் வைத்தாள். தெரியவில்லை.

“இடதுக்கா” என்றார் பொறுப்பாளர். “எதிர்ல நிக்கிறவனுக்கு வலப்பக்கமாத் தெரியும். அப்போ அவருக்கு...”

நிறுத்திக்கொண்டார்.

மிஷினில் ஊசி பாதி இறங்கிய நிலையில் நின்றது.

“நீங்களே போய்ச் சொல்லிடுங்க” என்றாள் அவள். “உங்களுக்குத்தான் நல்லாத் தெரிஞ்சிருக்கு.”

மண்டபத் திறப்பு விழா மாதக் கடைசியில், முற்பகலில். மகளுக்கு இரண்டு நாள் முன்பே நிரந்தர ஆணை வந்துவிட்டது. சலவைக்கடைக்காரர் அவளுடைய வெள்ளைக் கோட்டைக் கஞ்சி போட்டுச் சும்மாவே தேய்த்துக் கொடுத்திருந்தார். செயலாளரும் கடிகாரக்காரரும் சேர்ந்து ஒரு கண்டன அறிக்கை தயார் செய்தார்கள், முதல் வரியில் தகராறு வந்து இரண்டு அறிக்கையாக மண்டப வாசலில் ஒட்டினார்கள். குழாய்க்காரர்கள் அதைக் கிழிக்கவில்லை. ஓரம் பெயர்ந்திருந்த இடத்தில் யாரோ நல்லபடியாக அழுத்தி ஒட்டிக்கூட விட்டிருந்தார்கள். யாரும் படிக்கவில்லை.

பன்னிரண்டாவது மாடத்தின் முன்னால் தையல்காரி நின்றாள்.

லேத்துதான். நீண்ட முகம், கீழுதட்டை லேசாக உள்ளே இழுத்துக்கொள்கிற பழக்கம், இடது புருவத்தில் வெட்டு. காது மடலின் மேல்பக்கம் ஒரு சின்ன மடிப்பு. அதை அவள் சுத்தமாக மறந்திருந்தாள். கண்ணில் ஒரு கேள்வி இருந்தது, வேலையின் நடுவில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டு நிமிர்ந்தவர்போல. அந்தப் பார்வையை அவள் பார்த்ததேயில்லை. பார்த்தவர் சொல்லியிருக்கிறார்.

“அப்பா இப்படித்தான் இருந்தாராம்மா?” மகளின் குரல் உடைந்திருந்தது.

“இப்படியேதான்.”

“என் காது...” என்று மகள் தன் காதைத் தொட்டாள். போனை எடுத்துப் படத்தைப் படம் பிடித்தாள். ஒரு தடவை, நாலு தடவை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “ஓவியர் அப்பாவைப் பாத்ததே இல்லையாமே. நீ சொன்னியா?”

“நான் இல்ல.” தையல்காரி கூட்டத்தின் நடுவே வெள்ளை ஷூவைத் தேடிக் கண்டுபிடித்துக் காட்டினாள். “பொறுப்பாளர் சொன்னாரு.”

“அவருக்கு அப்பாவை அவ்வளவு நல்லாத் தெரியுமா?”

“கடைசியாப் பாத்தவரு அவருதான்.”

மகள் அந்தப் பக்கம் திரும்பினாள். “நீ எனக்குச் சொல்லவே இல்லையே” என்றவள், பதிலுக்கு நிற்காமல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தாள். தெருக்காரர்கள் அத்தனை பேரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். மருந்துக்கடைப் பெண் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். சலவைக்கடைக்காரர் ஏதாவது சொல்லியிருக்கலாம். எல்லாரும் ஒதுங்கி வழி விட்டார்கள்.

அவள் பொறுப்பாளர் முன்னால் போய் நின்று இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. பிறகு குனிந்து அவளிடம் ஏதோ கேட்டார். அது மட்டும் தையல்காரி நின்ற இடம்வரை வந்தது.

“சாப்பிட்டியாம்மா?”

மகள் இல்லை என்று தலையாட்டினாள். பொறுப்பாளர் கையை உயர்த்தி, சாப்பாட்டு வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, “பாப்பாவை முன்னாடி விடுங்க” என்றார்.